மணி பிளான்ட் முதல் காட்டாமணக்கு வரை... வயிற்றைப் பதம் பார்க்கும் வீட்டுச் செடிகள்!

சேனைக்கிழங்கு நறுக்கும் முன்பு கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லாத அம்மாக்கள் குறைவு. நறுக்கிய துண்டுகளைப் புளித்தண்ணீரிலோ, அரிசி களைந்த நீரிலோ போட்டுவைக்கவும் சொல்லியிருப்பார். அவசரத்தில் இதை விட்டுவிட்டால், அன்றைய சாப்பாட்டில் ஆளாளுக்கு ‘நாக்கு காறுது’ என்று தண்ணீர் சொம்பைத் தேடுவார்கள். பிடிகருணை என்றால் கேட்கவே வேண்டாம். அதைப் பழசாக்கி, மண் வாசனை போகக் காயவைத்து, புளி ஊற்றி வேகவைத்துத்தான் வழிக்குக் கொண்டுவர முடியும்.

இந்தக் காறலுக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு. இது கிழங்குக்குள் பொடியாக இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக, கட்டுக்கட்டாகச் செல்களுக்குள் அடுக்கப்பட்டிருக்கிறது. கடித்ததும் செல் உடைந்து ஊசிகள் சீறிக்கொண்டு வெளியே வந்து நாக்கிலும் உதட்டிலும் தொண்டையிலும் குத்தி நிற்கும். பன்றியும் எலியும் கிழங்கைத் தோண்டித் தின்றுவிடாமலிருக்க செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. நாம்தான் புளியையும் நெருப்பையும் வைத்து அதை ஜெயித்துவிட்டோம்.

சரி, சமையலறையை விட்டு வரவேற்பறைக்கு வாருங்கள். டி.வி ஸ்டாண்டு பக்கத்தில் பாட்டிலில் தொங்கும் மணி பிளான்ட், மூலையில் வெள்ளைப்பூ பூத்து நிற்கும் பீஸ் லில்லி, ஓட்டை ஓட்டையாக இலை விட்டிருக்கும் மான்ஸ்டெரா, கலர் கலராக அக்லோனிமா, கலாடியம், ஃபிலோடெண்ட்ரான், சிங்கோனியம், ஆந்தூரியம், ‘தண்ணீரே ஊற்ற வேண்டாம்’ என்று நர்சரிக்காரர் சத்தியம் செய்து விற்கும் இஸட் இஸட் பிளான்ட்... இவை அத்தனையும் சேனைக்கிழங்கின், சேப்பங்கிழங்கின் சொந்தக்காரர்கள். ஒரே குடும்பம், ஒரே ஊசி. கிழங்கைக் கழுவி, வேகவைத்து, புளி ஊற்றித்தான் வாயில் வைக்கிறோம். மணி பிளான்ட் இலையையோ, தவழும் குழந்தை பச்சையாகவே வாயில் வைத்துவிடும்.

‘மணி பிளான்ட்டை அடுத்தவர் வீட்டிலிருந்து கேட்காமல் ஒடித்து வந்தால்தான் பணம் சேரும்’ என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதல்லவா? அந்தப் புண்ணியத்தில் அது இல்லாத அபார்ட்மென்ட்டே இல்லை. இந்தச் செடிகளுக்கு இத்தனை மவுசு வர இன்னொரு காரணம், 1989-ல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வு. மூடிய பெட்டிக்குள் செடியை வைத்துப் பார்த்தபோது, காற்றில் கலந்திருந்த சில ரசாயனங்கள் குறைந்தன என்றது அது. சோதனை நடந்தது காற்றுப் புகாத பெட்டியில். நம் வீட்டுக்கோ ஜன்னலும் கதவும் இருக்கின்றன. ஆனாலும் ‘காற்றைச் சுத்தப்படுத்தும் செடி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ‘வாயில் வைத்தால் எரியும் செடி’ என்ற விவரத்தைத்தான் எந்தத் தொட்டியிலும் யாரும் எழுதி ஒட்டுவதில்லை.

இந்தக் குடும்பத்தில் கொஞ்சம் முரடு என்றால் டிஃபன்பேக்கியா. பச்சை இலையில் வெள்ளைத் திட்டுகளோடு, கரும்பு மாதிரி தடித்த தண்டுடன், வங்கி, ஆஸ்பத்திரி, திருமண மண்டபம் என்று எங்கும் நிற்கும் செடி. ஆங்கிலத்தில் இதன் பட்டப்பெயருக்கு ‘ஊமைக் கரும்பு’ என்று பொருள். தண்டைக் கடித்தவர்களுக்கு நாக்கு வீங்கிப் பேச்சு வராமல் போனதால் வந்த பெயர் அது. ஊசிகளோடு, திசுக்களை உறுத்தும் வேறு சில பொருள்களும் இதன் சாற்றில் இருப்பதால் வலியும் வீக்கமும் மற்றதைவிட அதிகம்.

பயப்பட வேண்டுமா? இந்த வகையைப் பொறுத்தவரை அளவோடு பயந்தால் போதும். கடித்த மறுநொடியே எரிய ஆரம்பித்துவிடுவதால் குழந்தை துப்பிவிடும். இரண்டாவது வாய்க்கு வாய்ப்பே இல்லை. உதடு தடிப்பது, எச்சில் ஒழுகுவது, அழுகை, சில சமயம் வாந்தி, வயிற்றுவலி. பெரும்பாலும் இத்துடன் சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு விட, எச்சில் விழுங்கச் சிரமப்பட்டால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆனால், கடித்ததும் காட்டிக்கொடுக்காத செடிகளும் இருக்கின்றன. உண்மையில் கவலைப்பட வேண்டியது அவற்றைப் பற்றித்தான்.

ருசியாக இருப்பதுதான் பிரச்னை

‘காட்டாமணக்கு விதை சாப்பிட்ட பள்ளி மாணவர்களுக்கு வாந்தி, மயக்கம்’. இந்தச் செய்தியை நீங்கள் ஒரு முறையாவது படித்திருப்பீர்கள். ஊர்ப்பெயரும் மாணவர் எண்ணிக்கையும்தான் மாறும். மற்றபடி கதை ஒன்றுதான். பள்ளிக்கூட வேலி ஓரத்தில் செடி, காய்ந்து வெடித்த காய், உள்ளே கருப்பு விதை. ஒரு பையன் உடைத்துப் பார்க்கிறான். உள்ளே வெள்ளைப் பருப்பு. கடித்தால் நிலக்கடலை போல, பாதாம் போல இனிக்கிறது. நண்பர்களுக்கும் பங்கு போகிறது. அடுத்த சில மணி நேரத்தில் ஒவ்வொருவராக வாந்தி எடுக்க ஆரம்பிக்கிறார்கள்.

காறாது, கசக்காது, எரியாது. இதனால்தான் ஒரு விதையோடு நிற்காமல் கைநிறையத் தின்றுவிடுகிறார்கள். விதையில் இருக்கும் கர்சின் என்ற புரதமும், ஃபோர்பால் எஸ்டர் என்ற பொருளும் குடலைப் புரட்டிப்போடுகின்றன. கடும் வாந்தி, அடிவயிற்றைப் பிசையும் வலி, பேதி. உடலில் நீர் வற்றிப்போவதுதான் இதில் பெரிய ஆபத்து. நேரத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றினால் பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு நாளில் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

2000-களில் ‘பயோடீசல்’ என்ற பேச்சு எழுந்தபோது தரிசு நிலங்களில் காட்டாமணக்கை வளர்க்க அரசே ஊக்கம் தந்தது. எதிர்பார்த்த எண்ணெய் வளம் வரவில்லை, உற்சாகமும் வடிந்துவிட்டது. செடி மட்டும் வேலியோரங்களில் நிற்கிறது. ஆடு, மாடு வாய் வைக்காது என்பதற்காக முன்பிருந்தே இதை வேலிப்பயிராக வைப்பவர்கள் நாம். மாட்டுக்குத் தெரிந்தது ஐந்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியாதே!

இதன் உறவுதான் ஆமணக்கு. பேதிக்குக் கொடுக்கும் விளக்கெண்ணெய் இதிலிருந்துதான் வருகிறது. அப்படியென்றால் கொட்டையைத் தின்றால் என்ன என்று தோன்றலாம். விதையில் ரைசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அது நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெய் எடுக்கும்போது பிண்ணாக்கிலேயே தங்கிவிடுவதாலும், சூடு பட்டுச் செயலிழப்பதாலும் எண்ணெய் தப்பிக்கிறது. விதையை மென்று தின்றவர் தப்பிப்பது அவ்வளவு சுலபமல்ல. வீட்டு அழகுக்காகச் சிவப்பு இலை ஆமணக்கை வளர்ப்பவர்கள், காய்க்கொத்து வரும்போதே நறுக்கிவிடலாம்.

பிள்ளையாரின் கண்

விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கியவர்களுக்குக் குன்றிமணியை அறிமுகப்படுத்த வேண்டாம். அவருடைய கண்ணே அதுதான். தட்டானின் தராசில் தங்கத்துக்கு எடைக்கல்லாக இருந்ததும் அதுதான். சிவப்பில் கருப்புப் புள்ளி வைத்த அந்த அழகுக்குள் ஏப்ரின் என்ற நஞ்சு இருக்கிறது. ரைசினின் நெருங்கிய உறவு அது.

குன்றிமணியின் மேலோடு மிகக் கெட்டி. அப்படியே விழுங்கிவிட்டால் பெரும்பாலும் செரிக்காமல் வெளியே வந்துவிடும். மென்றாலோ, ஓடு உடைந்திருந்தாலோதான் விபரீதம். மணியாகக் கோக்க ஊசியால் துளையிட்ட விதைகளையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். முதலில் வாந்தி, ரத்தம் கலந்த பேதி. அறிகுறி தெரிய சில மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளைத் தாண்டியும் ஆகலாம். ஆகவே ‘நல்லாத்தானே விளையாடிட்டிருக்கான்’ என்று காத்திருக்கக் கூடாது. முழுங்கினானா, மென்றானா என்று வாதம் செய்யாமல் மருத்துவரிடம் போய்விடுவதே நல்லது.

முழுச் சிவப்பாக, கருப்புப் புள்ளி இல்லாமல் இருப்பது மஞ்சாடி. அது வேறு. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுவைத்துப் பேரப்பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி சொல்லித்தரும் பாட்டிகள் கொஞ்சம் பிரித்துவைத்தால் நல்லது. சதுர்த்தி முடிந்து பிள்ளையாரைக் கரைக்கும் முன்பும் கண் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மாநில மலரின் மறுபக்கம்

செங்காந்தளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பட்டியல் முடியாது. தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசையாக அடுக்கும் பூக்களில் முதலில் வருவது இதுதான். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் போனால் கம்பிப் பந்தலில் கொடியேற்றி, பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டுவைத்து வளர்ப்பதைப் பார்க்கலாம். விதைக்கு நல்ல விலை. அதிலிருக்கும் கோல்ச்சிசின், கவுட் எனப்படும் மூட்டுவாதத்துக்கு இன்றும் தரப்படும் மருந்து.

மருந்தாகும் அதே பொருள்தான் நஞ்சும். செடி முழுக்க உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று பெயரிலேயே ‘கிழங்கு’ இருப்பதாலோ என்னவோ, சர்க்கரைவள்ளி என்றோ வேறு வள்ளிக்கிழங்கு என்றோ நினைத்து வேகவைத்துத் தின்றவர்கள் இருக்கிறார்கள். சேனைக்கிழங்கின் காறல் வேகவைத்தால் அடங்கும். இது அடங்காது.

சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து தொண்டை எரிச்சல், வாந்தி, தண்ணீராகப் பேதி. பார்ப்பதற்கு ஃபுட் பாய்சன் மாதிரியேதான் இருக்கும். கஞ்சி, மோர் குடித்தால் சரியாகிவிடும் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிற ஆபத்து இங்குதான். வயிறு சற்று அடங்கியதுபோல் தோன்றும்போது எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படத் தொடங்கும். பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டுவதும் உண்டு. பால்கனியில் காந்தள் வளர்க்க ஆசைப்படுபவர்கள் தாராளமாக வளருங்கள். கிழங்கை மட்டும் காய்கறிக்கூடை பக்கம் கொண்டுவராதீர்கள்.

கிழங்குக் குழப்பத்தில் இன்னொன்றும் உண்டு. அமரில்லிஸ், ரெயின் லில்லி வகைகளின் அடிக்குமிழ் அச்சு அசல் வெங்காயம். தொட்டி மாற்றும்போது எடுத்துச் சமையல் மேடையில் வைத்துவிட்டு மறந்துபோனால், சாம்பாருக்குள் போய்விட வாய்ப்பு இருக்கிறது. அதிலுள்ள லைகோரின் செய்யும் முதல் வேலையே வாந்தி.

அரளி: வயிற்றோடு நிற்காது

அரளியில் வாந்தியும் வயிற்றுவலியும் வெறும் முன்னுரை. செவ்வரளியோ, பொன்னரளி என்கிற மஞ்சள் அரளியோ, எல்லாப் பாகங்களிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் பொருள்கள் இருக்கின்றன. வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாத செடி இது. ஈ.சி.ஜி பார்த்துக் கண்காணிப்பில் வைத்திருக்கத்தான் வேண்டும்.

பூஜைக்கு அரளி இல்லாமல் நமக்கு ஆகாது. கேரளாவில் அரளியைக் கடித்ததால் ஓர் இளம்பெண் இறந்ததாகச் செய்தி வந்த பிறகு, 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது. பூஜைக்கு வைக்கத் தடையில்லை. நாமும் வீட்டில் அப்படியே செய்யலாம். சாமிக்குச் சாத்துங்கள், பொங்கல் கிண்ணத்தின் மேல் அலங்காரமாகத் தூவாதீர்கள். துளசித் தீர்த்தத்தில் போடாதீர்கள்.

போன்சாய் மாதிரி அடி பெருத்து, பிங்க் பூ பூக்கும் அடேனியம் இன்று மொட்டைமாடித் தோட்டங்களின் செல்லப்பிள்ளை. அதுவும் அரளிக் குடும்பம்தான், அதே வகை நஞ்சுதான். கிளை வெட்டும்போது வரும் பால் கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை. மஞ்சள் மணிப்பூவாகச் சுவரில் படரும் அலமண்டாவும் இந்தக் குடும்பமே. ஆனால் இது அரளி அளவுக்குப் போகாது, பேதியோடு நின்றுவிடும்.

சில செடிகளுக்குத் தேவைக்கு மேல் கெட்ட பெயர். கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கும் சிவப்பு இலை பாய்ன்செட்டியாவை ‘ஆளைக் கொல்லும்’ என்பார்கள். ஹவாய் தீவில் 1919-ல் ஒரு குழந்தை இறந்ததாகக் கிளம்பி, நிரூபிக்கப்படாமலே உலகம் சுற்றிய கதை அது. அதிகபட்சம் கொஞ்சம் குமட்டல், அதன் பாலால் தோலில் அரிப்பு, அவ்வளவுதான். ஸ்னேக் பிளான்ட்டும் அப்படித்தான், தின்றால் லேசான வாந்தி, பேதி.

நாமே மென்று தின்னும் செடிகள்

குழந்தைகளைச் சொல்கிறோமே, பெரியவர்கள் என்ன செய்கிறோம்? வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தால் போதும், தோட்டத்துக்குக் கத்திரியோடு கிளம்பிவிடுகிறோம்.

சோற்றுக்கற்றாழை ஜூஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மடலை வெட்டியதும் தோலுக்குக் கீழிருந்து மஞ்சளாக ஒரு கசப்புப் பால் வடியும். அதிலுள்ள அலோயின் கடுமையான பேதி மருந்து. அதைக் காய்ச்சி இறுக்கியதுதான் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கரியபோளம். கற்றாழைப் பாலை, கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மலமிளக்கிகளில் சேர்க்க, பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2002-லேயே நிறுத்திவிட்டது. வெட்டிய மடலைச் செங்குத்தாக நிறுத்திப் பாலை வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளிருக்கும் சோற்றை ஏழு தண்ணீரில் அலசச் சொன்னார்களே பாட்டிமார்கள், அது சும்மா இல்லை. மிக்ஸியில் தோலோடு போட்டு அடிப்பவர்களுக்குத்தான் காலையில் அலுவலகம் போக முடியாமல் ஆகிறது. கர்ப்பிணிகள் இந்தப் பரிசோதனையே செய்ய வேண்டாம்.

நித்தியகல்யாணி இலையைச் ‘சுகருக்கு நல்லது’ என்று தினமும் மென்று தின்பவர்களும் இருக்கிறார்கள். புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகளைப் பிரித்தெடுப்பது இந்தச் செடியிலிருந்துதான். அவ்வளவு வீரியமானதை அளவு தெரியாமல் வெறும் வயிற்றில் மென்றால் குமட்டலும் வயிற்றுக் கோளாறும் வரத்தானே செய்யும்? சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவது அதைவிட மோசம்.

கடித்துவிட்டால் என்ன செய்வது?

வாயில் ஒட்டியிருக்கும் துணுக்குகளை ஈரத்துணி சுற்றிய விரலால் வழித்து எடுங்கள். கொப்பளிக்கத் தெரிந்த குழந்தை என்றால் நன்றாகக் கொப்பளித்துத் துப்பட்டும். கையையும் கழுவிவிடுங்கள், அதே கையால் கண்ணைத் தேய்த்துக்கொள்ளும். பால் கண்ணில் தெறித்திருந்தால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவ வேண்டும். மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா போன்ற காறும் செடிதான் என்று உறுதியாகத் தெரிந்து, குழந்தை சிரமமில்லாமல் விழுங்கினால் குளிர்ந்த பாலோ தண்ணீரோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். எரிச்சல் தணியும். என்ன செடி என்று தெரியாவிட்டால் எதையும் குடிக்கக் கொடுக்காமல் கிளம்புங்கள்.

வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. இந்த ஒன்றை வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொண்டைக்குள் விரல் விடுவது, உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் என்று ஊருக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. எரிந்த தொண்டை திரும்பவும் எரியும், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியாவில் கொண்டுவிடும். அளவுக்கு மீறிய உப்புத் தண்ணீர் குழந்தையின் உயிருக்கே உலை வைத்த சம்பவங்கள் உண்டு. செடி செய்திருக்கும் கெடுதலைவிட இந்த முதலுதவி செய்யும் கெடுதல் பெரிது.

காட்டாமணக்கு, ஆமணக்கு, குன்றிமணி, காந்தள், அரளி என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சு தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இப்போதே போனில் சேமித்துவிடுங்கள். மருத்துவமனைக்குக் கிளம்பும்போது கடித்த இலை, மிச்ச விதை, பூவோடு ஒரு கிளை என எது கிடைத்தாலும் கவரில் போட்டு எடுத்துச்செல்லுங்கள். செல்போனில் செடியை ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏதோ பச்சையா ஒரு செடி டாக்டர்’ என்று சொன்னால் அவர்தான் என்ன செய்வார்?

இதற்காக வீட்டிலிருக்கும் செடிகளை எல்லாம் வெளியே தூக்கிப்போட வேண்டியதில்லை. தவழும் குழந்தையோ, எதையும் கடித்துப் பார்க்கும் நாய்க்குட்டியோ இருந்தால் காறும் செடிகளை இரண்டு மூன்று வருடங்களுக்கு உயரத் தொங்கவிடுங்கள். பூனை இருக்கும் வீட்டில் பூங்கொத்துகளில் வரும் உண்மையான லில்லியை வைக்கவே வேண்டாம். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் பழுதாகிவிடும். தரையில் வைக்க சிலந்திச்செடி எனப்படும் ஸ்பைடர் பிளான்ட், அரீகா பாம், ஓமவல்லி எல்லாம் இருக்கின்றன. ஓமவல்லி மட்டும் நாய், பூனைக்கு ஆகாது.

அரளியைக் கவாத்து செய்தால் வெட்டிய கிளைகளைத் தெருவோரம் குவிக்காதீர்கள். பச்சையாக இருக்கும்போது முகர்ந்துவிட்டு விலகும் மாடும் ஆடும், வாடிய பிறகு மற்ற தழையோடு சேர்த்துத் தின்றுவிடும். காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது. எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகையும் ஆகாது. கட்டாகக் கட்டி, துப்புரவுப் பணியாளரிடம் ‘இது அரளி’ என்று சொல்லியே கொடுத்துவிடுங்கள்.